தராசு நமக்குக் கற்பிக்கும் பௌதிகம்

 

பௌதிக சாஸ்திரம் என்றதும் நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். அது கல்லூரி மாணவர்களுக்கு உரியது, கண்ணாடிக் குழாய்களும் மின்கம்பிகளும் நிறைந்த அறையில் நடப்பது, மல்லியும் மிளகும் நிறுத்துக் கொடுக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்று எண்ணுகிறோம். உண்மை யாதெனில், காலையில் கடைக் கதவைத் திறந்தது முதல் இரவு கல்லாவைப் பூட்டும் வரை நாம் பௌதிகத்தோடுதான் புழங்குகிறோம். கடை மேசைமேல் வீற்றிருக்கும் தராசே அதற்குச் சாட்சி. அதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆரம்பப் பள்ளியில் பயின்ற பெருக்கலும் வகுத்தலும் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வோர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அவர்களுக்கு நேரும் கேட்டைச் சொல்லியே அது தொடங்குகிறது. 55ஆம் அத்தியாயமாகிய சூரா அர்ரஹ்மானில், வானம் உயர்த்தப்பட்டதைச் சொல்லும் இடத்தில், மீஸான் என்னும் தராசு அடுத்தடுத்து மூன்று வசனங்களில் பேசப்படுகிறது. மத்யன் மக்களிடம் அனுப்பப்பட்ட ஷுஐப் நபி (அலை) அவர்கள் ஏகத்துவத்தோடு சேர்த்துப் போதித்தது நிறுவையின் நேர்மையையே. இத்தனை கண்ணியம் பெற்ற ஒரு கருவியை நாள்தோறும் கையாளும் நாம், அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறும் என்று அறியாதிருப்பது பொருத்தமாகுமா? நிய்யத் சரியாயிருந்தும் கருவி பிழையாயிருந்தால் அடுத்தவர் ஹக்கு நம் பெட்டியில் வந்து விழுந்துவிடும்; அல்லது நம் முதல் நமக்குத் தெரியாமலே வெளியே போய்விடும். ஆகவே இவ்விதழில் தராசைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

தோள்மேல் ஒரு தராசு

பினாங்கின் நாசி கண்டார் இன்று நாடறிந்த உணவு. அதற்கு அப்பெயர் வந்தது எப்படி? நம் தமிழ் முஸ்லிம் முன்னோர்கள் ஒரு கம்பைத் தோளில் வைத்து, ஒரு முனையில் சோற்றையும் மறு முனையில் கறிகளையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாய் விற்று வந்தார்கள். கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பதை மலாய் மொழியில் கண்டார் என்பர். நம் தமிழில் காவடி.

இந்தக் காவடியே ஒரு தராசுதான். இரு பக்கமும் சமமான பாரம் இருந்தால் தோள் கம்பின் நடுவில் இருக்கும். ஒரு பக்கம் கூடினால் சுமப்பவர் கம்பைச் சற்றே நகர்த்திக்கொள்வார். எந்தப் பக்கம் நகர்த்துவார்? பாரம் மிக்க முனை தோளுக்கு அருகில் வருமாறு நகர்த்துவார். இதை அவருக்கு எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தோள் சொல்லிக் கொடுத்தது.

இதன் கணக்கு எளிது. பாரத்தையும், தோளிலிருந்து அது தொங்கும் தூரத்தையும் பெருக்குங்கள். இரு பக்கப் பெருக்குத்தொகையும் சமமானால் கம்பு நேராய் நிற்கும். கம்பின் நீளம் 150 சென்டிமீட்டர்; ஒரு முனையில் 20 கிலோ, மறுமுனையில் 10 கிலோ என்போம். 20 கிலோ தோளிலிருந்து 50 சென்டிமீட்டரிலும், 10 கிலோ 100 சென்டிமீட்டரிலும் இருந்தால் இரு பக்கமும் பெருக்குத்தொகை 1000. கம்பு சாயாது. இதுவே நெம்புகோல் விதி. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் இதைக் கணக்கியல் முறையில் நிரூபித்தார்.

டாச்சிங்கின் இரகசியம்

மலாயாச் சந்தைகளில் ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்ட டாச்சிங் இவ்விதியின் நேரான பிள்ளை. தமிழில் அதை வெள்ளிக்கோல் என்பர். ஒரு நீண்ட தண்டு. ஒரு முனைக்கு அருகே பிடிகயிறு. அதற்குச் சற்று அப்பால் சரக்கைத் தொங்கவிடும் கொக்கி. நீண்ட பக்கத்தில் ஓடும் ஒரே ஒரு குண்டு. எடைக்கற்கள் அடுக்கடுக்காய்த் தேவையில்லை. குண்டை நகர்த்திக் கோல் நேராக நிற்கும் இடத்தில் உள்ள புள்ளியைப் படித்தால் எடை தெரியும்.

கொக்கி கயிற்றிலிருந்து 4 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. குண்டின் எடை 500 கிராம் என்று கொள்வோம். தண்டின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், குண்டு 32 சென்டிமீட்டரில் நின்றபோது சரக்கு எவ்வளவு? 500ஐ 32ஆல் பெருக்க 16,000. அதை 4ஆல் வகுக்க 4,000 கிராம். அதாவது 4 கிலோ. அரைக் கிலோக் குண்டு நாலு கிலோவைத் தாங்கி நிற்பது ஜாலம் அன்று. தூரம் செய்யும் வேலை.

இங்கேதான் எச்சரிக்கையும் இருக்கிறது. அதே கோலில் பிடிகயிறு தேய்ந்தோ நழுவியோ, கொக்கியை விட்டு அரை மில்லிமீட்டர் மட்டும் விலகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மணியின் பருமன்கூட இராத தூரம். இப்போது கொக்கியின் தூரம் 4.05, குண்டின் தூரம் 31.95. கணக்கிட்டுப் பார்த்தால் 3,944 கிராம் சரக்கு வைத்த உடனேயே கோல் நேராகிவிடும். தண்டிலுள்ள புள்ளியோ 4 கிலோ என்றே சொல்லும். வாங்குபவருக்கு 56 கிராம் குறைவு. கண்ணுக்குத் தெரியாத பிழை, எட்டு எட்டாகப் பெருகி அடுத்தவர் ஹக்கைத் தின்றுவிடுகிறது. குறுகிய பக்கத்தில் நேரும் சிறு பிழை நீண்ட பக்கத்தில் பெரும் பிழையாகும் என்பதே இதன் பாடம்.

டாச்சிங்கின் தத்துவத்தை ஆராய்ந்தவர்களில் பக்தாதில் வாழ்ந்து 901ஆம் ஆண்டில் மறைந்த தாபித் இப்னு குர்ரா முக்கியமானவர். ஹர்ரான் நகரத்து ஸாபியீன் சமூகத்தைச் சேர்ந்த அவ்வறிஞர் அரபு மொழியில் எழுதிய கிதாபுல் கரஸ்தூன் என்ற நூல் இவ்வகைக் கோலைப் பற்றியதே. அது பின்னர் இலத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியர் பயிலும் பாடமாயிற்று.

இரட்டைத் தட்டுத் தராசு

இரண்டு தட்டுகள் கொண்ட தராசில் இரு கைகளும் சம நீளம். ஆகவே இரு பக்கமும் சம பாரம் இருந்தால் முள் நடுவில் நிற்கும். ஆனால் ஒரு கேள்வி. வெறும் தட்டுகளோடு தராசைத் தொட்டு ஆட்டிவிட்டால் அது ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடவாமல் மீண்டும் நடுவுக்கே வருகிறதே, ஏன்?

தராசுத் தண்டு தாங்கப்படும் கூர்முனை, தண்டின் பாரம் குவியும் இடத்துக்குச் சற்று மேலே அமைக்கப்பட்டிருக்கிறது. பாரம் தாங்குமிடத்துக்குக் கீழே இருந்தால், ஊஞ்சல் போல், எப்படித் தள்ளினாலும் தன் இடத்துக்குத் திரும்பும். மேலே இருந்தால், விரல் நுனியில் நிறுத்திய குச்சி போல் கவிழ்ந்துவிடும். இவ்விரண்டு இடங்களும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றனவோ அவ்வளவு நுட்பமாகத் தராசு அசையும். பொற்கொல்லரின் தராசு மெல்லிய காற்றுக்கும் நடுங்குவது இதனால்தான்.

கூர்முனையில் துருவோ மாவோ எண்ணெய்ப் பிசுக்கோ சேர்ந்தால் உராய்வு உண்டாகும். அப்போது சிறு எடை வித்தியாசத்தைத் தராசு உணராது. இதைச் சோதிக்க வழி எளிது. இரு தட்டிலும் சம பாரம் வைத்து முள் நடுவில் நிற்கும்போது ஒரு தட்டில் ஒரு சிட்டிகைப் பருப்பைப் போடுங்கள். முள் அசைந்தால் நல்லது. அசையாமல் நின்றால் தராசு உறங்குகிறது என்று பொருள். துடைத்துச் செப்பனிட வேண்டும்.

கைகள் சமமா என்று சோதிப்பதும் எளிது. ஒரு தட்டில் எடைக்கல்லும் மற்றதில் சரக்கும் வைத்துச் சமன் செய்யுங்கள். பிறகு இரண்டையும் இடம் மாற்றி வையுங்கள். முள் மீண்டும் நடுவில் நின்றால் கைகள் சமம். சாய்ந்தால் ஒரு கை நீளம்.

ஒரு வேடிக்கைக் கணக்கு

நீளம் வேறுபட்ட கைகளை உடைய தராசு ஒன்று. ஒரு கை 20 சென்டிமீட்டர், மற்றது 22. ஒரு வாடிக்கையாளர் 2 கிலோ சர்க்கரை கேட்கிறார். கடைக்காரர் சொல்கிறார்: "தராசில் சிறு கோளாறு. ஒரு கிலோவை இந்தத் தட்டிலும், மறு கிலோவை அந்தத் தட்டிலும் வைத்து நிறுத்துத் தருகிறேன். கூடுதலும் குறைவும் சரிக்குச் சரியாகிவிடும்." இது நியாயமா?

பெரும்பாலோர் நியாயம் என்றே சொல்வோம். கணக்கிட்டுப் பார்ப்போம். சர்க்கரை நீளக் கையில் இருக்கும்போது, 1 கிலோக் கல்லுக்குச் சமமாக 909 கிராம் போதும். சர்க்கரை குட்டைக் கையில் இருக்கும்போது 1,100 கிராம் தேவை. இரண்டும் சேர்ந்து 2,009 கிராம். ஒன்பது கிராம் கடைக்காரருக்கு நட்டம்! கைகள் எப்படி வேறுபட்டாலும் இம்முறையில் நட்டம் கடைக்காரருக்கே. ஒருபோதும் வாடிக்கையாளருக்கு அன்று. பிள்ளைகளிடம் இக்கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். பெருக்கல் வாய்பாட்டின் அருமை அவர்களுக்கு விளங்கும்.

பழுதான தராசிலும் சரியான எடை காண ஒரு வழி உண்டு. சரக்கை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் மணலையோ உப்பையோ போட்டுச் சமன் செய்யுங்கள். பிறகு சரக்கை எடுத்துவிட்டு, அதே தட்டில் எடைக்கற்களை வைத்து மணலோடு சமன் செய்யுங்கள். சரக்கு இருந்த இடத்திலேயே கல்லும் இருப்பதால், கைகள் எவ்வளவு வேறுபட்டாலும் விடை சரியாகவே வரும். அவசரத்துக்கு இது உதவும் என்பதற்காகச் சொன்னோமே தவிர, பழுதான தராசைக் கடையில் வைத்திருக்கலாம் என்பதற்காக அன்று.

எடை வேறு, பொருண்மை வேறு

ஒரு மூட்டைச் சர்க்கரையில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது பொருண்மை. அதைப் பூமி எவ்வளவு பலமாய் இழுக்கிறது என்பது எடை. நாம் விற்பது பொருண்மையை. தராசு உணர்வதோ பூமியின் இழுப்பை. ஒரே கடையில் இருக்கும்வரை இவ்விரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. ஊர் மாறினால் தெரியும்.

பூமி சரியான உருண்டை அன்று. நடுக்கோட்டில் சற்றுப் பருத்தும் துருவங்களில் சற்று அமுங்கியும் இருக்கிறது. மையத்திலிருந்து நடுக்கோடு சுமார் 6,378 கிலோமீட்டர். துருவம் சுமார் 6,357 கிலோமீட்டர். அத்துடன் பூமி சுழல்வதால் நடுக்கோட்டில் உள்ள பொருளை வெளியே வீசும் தன்மையும் சிறிது உண்டு. இவ்விரு காரணங்களால் நடுக்கோட்டை ஒட்டிய நம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பூமியின் இழுப்பு இலண்டனைவிட ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று பங்கு குறைவு.

1672ஆம் ஆண்டில் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு அறிஞர் பாரிஸ் நகரில் சரியாக ஓடிய ஊசற் கடிகாரத்தை, தென்னமெரிக்காவில் நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேன் என்ற ஊருக்குக் கொண்டு சென்றார். அங்கே அது நாள்தோறும் சுமார் இரண்டரை நிமிடம் பிந்தியது. கடிகாரம் கெடவில்லை, இழுப்புக் குறைந்ததால் ஊசல் மெதுவாக ஆடியது. அறிவுலகத்துக்கு இது பெரிய சான்றாயிற்று.

வணிகருக்கு இதனால் என்ன? இரட்டைத் தட்டுத் தராசுக்கு ஒன்றும் இல்லை. இழுப்புக் குறைந்தால் கல்லுக்கும் சரக்குக்கும் சேர்ந்தே குறையும். முள் நடுவிலேயே நிற்கும். ஆனால் வில் தராசும் மின்தராசும் அப்படியல்ல. இலண்டனில் சரிபார்த்த மின்தராசை அப்படியே இங்கே கொண்டுவந்து 10 கிலோச் சரக்கை வைத்தால், 9 கிலோ 970 கிராம் என்ற அளவில்தான் காட்டும். அதை நம்பி 10 கிலோ வரும்வரை சரக்கைக் கூட்டினால் ஒவ்வொரு பத்துக் கிலோவுக்கும் சுமார் 30 கிராம் நம் கையைவிட்டுப் போகும். ஆகவே அயல்நாட்டிலிருந்து தருவித்த தராசை, இந்நாட்டிலேயே, வைக்கப்போகும் இடத்துக்கு ஏற்பச் சரிபார்த்த பின்னரே பாவிக்க வேண்டும்.

வில் தராசும் மின்தராசும்

மீன் சந்தையில் கொக்கியோடு தொங்கும் வில் தராசின் தத்துவத்தை இங்கிலாந்து நாட்டு ராபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்டார். இழுப்பு இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும் என்பதே அது. ஒரு கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் நீண்ட வில் இரண்டு கிலோவுக்கு இரண்டு சென்டிமீட்டர் நீளும். ஆனால் அளவுக்கு மீறி இழுத்தால் வில் தன் பழைய நீளத்துக்குத் திரும்பாது. 10 கிலோத் தராசில் 15 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டவர் அத்தராசின் ஆயுளைக் குறைத்தவர் ஆவார்.

நம் மேசைமேல் உள்ள மின்தராசின் வயிற்றுக்குள்ளும் இதே தத்துவம்தான். தட்டுக்குக் கீழே ஓர் உலோகக் கட்டை இருக்கிறது. சரக்கை வைத்ததும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அக்கட்டைமேல் மிக மெல்லிய உலோக இழைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. கட்டை வளையும்போது இழை நீண்டு மெலிகிறது. நீண்டு மெலிந்த கம்பியில் மின்சாரம் ஓடுவது சிறிது கடினமாகிறது. குறுகலான குழாயில் தண்ணீர் தடைப்படுவது போல என்க. அந்தச் சிறு தடையின் அளவைக் கணித்து எண்ணாக்கிக் காட்டுகிறது தராசு.

ஆகவே மின்தராசு பொய் சொல்லாது என்று எண்ணிவிடக் கூடாது. கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, மட்டம். தராசில் சிறு கண்ணாடிக்குள் காற்றுக் குமிழி ஒன்று உண்டு. அது வட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். தராசு 5 பாகை சாய்ந்திருந்தால் கிலோவுக்குச் சுமார் 4 கிராம் குறைத்துக் காட்டும். சாய்ந்த தட்டின்மேல் பாரத்தின் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடுவதே காரணம்.

இரண்டு, காற்று. தலைக்குமேல் சுழலும் விசிறியின் காற்று தட்டை அழுத்தும். பக்கத்து விசிறி தட்டைத் தூக்கவும் செய்யும். மளிகைக்கு இது பெரிதன்று. குங்குமப்பூவோ ஏலமோ தங்கமோ நிறுக்கும்போது பெரிது.

மூன்று, சுழியம். சரக்கு வைக்குமுன் முகப்பில் சுழியம் நிற்கிறதா என்று வாடிக்கையாளரும் காணும்படி பார்க்க வேண்டும். பையின் எடையையும் டப்பாவின் எடையையும் கழித்த பின்னரே சரக்கை இட வேண்டும்.

நான்கு, தொடுதல். மூட்டையின் ஓரம் சுவரிலோ அடுத்த பெட்டியிலோ சாய்ந்திருந்தால் பாரத்தின் ஒரு பங்கை அச்சுவர் தாங்கிக்கொள்ளும். தராசு மீதியை மட்டும் சொல்லும்.

படியும் தராசும் ஒன்றல்ல

முகந்து விற்பதும் நிறுத்து விற்பதும் வேறு வேறு. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயோ சுமார் 915 கிராம்தான். தேன் ஒரு லிட்டர் சுமார் 1,400 கிராம். ஒரே இடத்துக்குள் எவ்வளவு பொருள் நெருங்கி அடைந்திருக்கிறது என்பதே அடர்த்தி. ஆகவே கிலோ 10 வெள்ளிக்கு வாங்கிய தேங்காய் எண்ணெயின் லிட்டர் அடக்கவிலை 9 வெள்ளி 15 காசுதான். கிலோவையும் லிட்டரையும் ஒன்றாக எண்ணி விலை போட்டால், ஒரு சமயம் நமக்கும் ஒரு சமயம் வாங்குபவருக்கும் அநீதி நேரும்.

வெப்பம் இதில் மேலும் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. சூடேறினால் பொருள் விரியும். சமையல் எண்ணெய் ஒரு பாகை சூட்டுக்கு ஆயிரத்தில் சுமார் 0.7 பங்கு விரிகிறது. 25 பாகையில் 20 லிட்டராக இருந்த எண்ணெய், நண்பகல் வெயிலில் 35 பாகை ஆகும்போது சுமார் 140 மில்லிலிட்டர் கூடிவிடும். எடையோ இம்மியும் மாறாது. விளிம்புவரை நிரப்பிய டின் வெயிலில் கசிவது இதனால்தான். எண்ணெயை எடையில் வாங்கி எடையில் விற்பது ஏன் சிறந்தது என்பதும் இதனால் விளங்கும்.

காற்றோடு போகும் சரக்கு

மூட்டையில் 100 கிலோ இருந்த மிளகு, சில வாரம் கழித்து நிறுத்தால் 98 கிலோவுக்கும் குறைவாக இருக்கிறது. மீதி எங்கே? உடனே கடைப் பையனை ஏற இறங்கப் பார்க்கிறோம். அவசரப்பட வேண்டாம். முதலில் பௌதிகத்தைக் கேட்போம்.

உலர்ந்த சரக்கிலும் ஈரம் உண்டு. அந்த மிளகில் நூற்றுக்கு 12 பங்கு ஈரம் இருந்தது என்றால், உண்மையான மிளகு 88 கிலோ. உலர்ந்த இடத்தில் கிடந்து ஈரம் நூற்றுக்கு 10 பங்காகக் குறைந்தால், 88 கிலோ என்பது மொத்தத்தில் நூற்றுக்கு 90 பங்கு ஆகும். 88ஐ 90ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 97.8 கிலோ. மிளகு ஒன்றுகூடக் குறையவில்லை, 2.2 கிலோத் தண்ணீர் ஆவியாகிக் காற்றோடு போய்விட்டது. மழைக்காலத்தில் இதுவே மறுபுறமாய் நடக்கும். அரிசியும் மாவும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடை கூடும்.

ஆகவே எடை குறைந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு பணியாளின் மானத்தில் கை வைப்பது பெரும் அநியாயம். ஊர்விட்டு வந்து உழைப்பவனுக்கு மானமே முதல். அந்தந்தச் சரக்கு எவ்வளவு நாளில் எவ்வளவு குறைகிறது என்பதை, ஒரு மூட்டையைத் தனியே வைத்து வாரந்தோறும் நிறுத்து எழுதி வைத்தால், இயல்பான குறைவு எது, இயல்பல்லாதது எது என்று தெளிவாகத் தெரிந்துவிடும். சந்தேகத்துக்கு மருந்து கணக்கே.

இதே அறிவு நம்மையும் தட்டிக் கேட்கும். நனைந்த சரக்கை நிறுத்து விற்பவர் தண்ணீருக்கு மிளகு விலை வாங்குகிறார். சந்தைக்குச் சென்ற பெருமானார் (ஸல்) அவர்கள் தானியக் குவியலில் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்டதும், மோசம் செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி. ஈரம் எடையாகும் என்ற உண்மையை அந்தத் திருக்கரம் அன்றே சந்தைக்கு உணர்த்திவிட்டது.

தங்கமும் தண்ணீரும்

நகை வணிகர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. தண்ணீரில் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய தண்ணீரின் எடையளவு இலேசாகும். இதுவும் ஆர்க்கிமிடீஸ் கண்டதே. 193 கிராம் சுத்தத் தங்கம் தண்ணீருக்குள் ஏறக்குறைய 183 கிராம் என்று நிற்கும். 10 கிராம் தண்ணீரை மட்டுமே விலக்கும். அதே 193 கிராம் வெள்ளியோ 18 கிராமுக்கு மேல் விலக்கும். செம்பு 21 கிராமுக்கு மேல். கலப்படம் கூடக் கூட விலக்கும் தண்ணீரும் கூடும். டங்ஸ்டன் என்ற உலோகமோ தங்கத்தோடு ஏறக்குறைய ஒத்த அடர்த்தி உடையது. ஆகவே தண்ணீர்ச் சோதனை ஒன்றையே முடிவாகக் கொள்ளலாகாது.

இக்கலையை உச்சிக்குக் கொண்டுசென்றவர்கள் இஸ்லாமிய உலகத்து அறிஞர்களே. 973ஆம் ஆண்டில் பிறந்த அல்பீரூனி அவர்கள் தங்கம், பாதரசம், மரகதம், மாணிக்கம் முதலியவற்றின் அடர்த்தியைத் தனிப் பாத்திரம் அமைத்து வியக்கத்தக்க நுட்பத்தோடு அளந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் மர்வ் நகரில் வாழ்ந்த அல்காஸினி அவர்கள், சுல்தான் சஞ்சர் அவர்களின் காலத்தில், ஹிஜ்ரி 515இல், அதாவது கி.பி. 1121இல், மீஸானுல் ஹிக்மா என்ற பெருநூலை எழுதினார்கள். ஞானத் தராசு என்பது அதன் பொருள். ஐந்து தட்டுகள் கொண்ட தராசும், அதனால் உலோகக் கலப்பைக் காணும் முறையும் அதில் விளக்கப்பட்டுள்ளன. காற்றும் தண்ணீரைப் போல் பொருளைச் சிறிது தாங்குகிறது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். நாம் கையாளும் கருவியைப் பற்றி நம் முன்னோர் இப்படி நூல் எழுதியிருக்க, நாம் அதன் அடியில் உள்ள குமிழியைக்கூடப் பாராமல் இருப்பது தகுமா?

கல்லும் மாறியது, கடமை மாறவில்லை

முன்னாளில் இந்நாடுகளில் தாயில், கட்டி, பிக்குள் என்ற அளவுகள் இருந்தன. 16 தாயில் ஒரு கட்டி. 100 கட்டி ஒரு பிக்குள். ஒரு கட்டி என்பது சுமார் 605 கிராம். 1970களில் மலேசியாவும் சிங்கப்பூரும் மெட்ரிக் முறைக்கு மாறின; கிலோவும் கிராமும் வந்தன. அந்தக் கிலோவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1889 முதல் பாரிஸ் நகருக்கு அருகே காத்து வைக்கப்பட்ட பிளாட்டினம் இரிடியம் உருளை ஒன்றே உலகத்துக்கெல்லாம் கிலோவாக இருந்தது. உலோகம் காலத்தால் மாறக்கூடியது என்பதால், 2019ஆம் ஆண்டு மே 20 முதல், பிளாங்க் எண் என்ற மாறாத இயற்கை எண்ணைக் கொண்டு கிலோ வரையறுக்கப்படுகிறது.

உலகத்து விஞ்ஞானிகள் ஒரு கிலோ சரியாயிருக்க வேண்டும் என்பதற்காக இத்தனை பாடுபட்டிருக்கிறார்கள். முற்காலத்து இஸ்லாமிய ஆட்சிகளில் முஹ்தஸிப் என்ற சந்தை அதிகாரி கடை கடையாகச் சென்று தராசையும் கல்லையும் சோதிப்பார். இன்று வணிகத்துக்குரிய தராசைச் சோதித்து முத்திரை பெற வேண்டும் என்று இரு நாட்டுச் சட்டமும் கேட்கிறது. முத்திரை அதிகாரியின் கண்ணுக்கு. குமிழியும் சுழியமும் நம் மனச்சாட்சிக்கு.

கடைசியாக ஒன்று. நிறுத்துக் கொடுக்கும்போது சற்றுச் சாயும்படி நிறுத்துக் கொடுக்கச் சொல்லிப் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பௌதிகக் கண்கொண்டு பார்த்தால் இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எந்தத் தராசிலும் உராய்வும் காற்றும் மட்டமின்மையும் சேர்ந்து சிறு பிழை இருந்தே தீரும். முற்றிலும் பிழையற்ற தராசு மனிதன் கையில் இல்லை. அந்தப் பிழை எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று தீர்மானிப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. அதை வாங்குபவர் பக்கம் விழச் செய்துவிட்டால், கருவியின் குறை நம்மேல் கடனாக நிற்காது. ஒரு கிலோவுக்கு இரண்டு கிராம் மல்லி கூடப் போனால் கடை நொடித்துவிடாது. அந்த வாடிக்கையாளர் அடுத்த வாரமும் நம் வாசலுக்கே வருவார்.

ஆகவே சகோதரர்களே, நாளைக் காலை கடை திறந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். தட்டைத் துடையுங்கள். குமிழியைப் பாருங்கள். சுழியத்தைப் பாருங்கள். முத்திரையிட்ட எடைக்கல் ஒன்றைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து, ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அருகே நிறுத்திக்கொண்டு காரணத்தைச் சொல்லுங்கள். பௌதிகமும் ஹலாலும் ஒரே பாடமாக அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் பதியட்டும்.

மீஸான் நிறுவப்படும் அந்த மறுமை நாளில், நம் கடைத் தராசு நமக்குச் சாதகமாய்ச் சாட்சி சொல்ல அல்லாஹுத் தஆலா அருள்புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.